அத்தியாயம் 7: போய்த் திரும்பும் பொருள்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டினால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றின் கரையில் படகு குழாம், படகேறிப் போனால் பாரடைஸ் பீச், சாலையை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும். இவற்றோடு விசேஷங்களுக்கு நாற்காலி, சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடும் கடைகள் எந்த ஊரிலும் உண்டு. இந்தத் தொழில்கள் எல்லாவற்றிலும் முதலீடு முடங்கிக் கிடப்பது போய்த் திரும்ப வேண்டிய பொருள்களில்தான். விடுதித் துண்டு சலவைக்குப் போய் வரவேண்டும். உயிர்காப்பு அங்கி படகில் போய் வரவேண்டும். நாற்காலி மண்டபத்துக்குப் போய் வரவேண்டும். விற்ற பொருளுக்குக் கல்லாவில் பணம் விழும். திரும்பாத பொருளுக்கு எந்த ரசீதும் கிடையாது.

அதனால்தான் இந்த நஷ்டம் உடனே கண்ணில் படுவதில்லை. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து ஆடியில் ஆற அமர ஸ்டாக் எடுக்கும்போதுதான் நாற்பது நாற்காலி குறைவது தெரியும். எந்த விசேஷத்தில், எந்த வண்டியில், யார் கையில் விட்டுப்போனது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. இந்த அத்தியாயம் அந்த இடைவெளியைக் குறைப்பதைப் பற்றியது. குறைந்தது என்று ஆடியில் தெரிவதற்குப் பதில் அன்று சாயங்காலமே தெரிந்தால், பாதிப் பொருளை ஒரு போன் போட்டே மீட்டுவிடலாம்.

உங்கள் கார் கண்ணாடியில் இருப்பதும் இதுவே

ஆர்.எஃப்.ஐ.டி. என்பது ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காணும் முறை. பெயர் புதிதாகத் தோன்றினாலும் நீங்கள் தினமும் பயன்படுத்துவதுதான். திண்டிவனம் சாலையில் மொரட்டாண்டி சுங்கச்சாவடியைக் கடக்கும்போது உங்கள் ஃபாஸ்டேகைப் படிப்பது இந்தத் தொழில்நுட்பம்தான். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து நாட்டின் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளின் எல்லாப் பாதைகளிலும் ஃபாஸ்டேக் கட்டாயமானது.

டேக் எனப்படும் அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. ஓர் ஆன்டெனாவும் கடுகளவு சிப் ஒன்றும்தான் உண்டு. படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதே அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. சிறுவர்கள் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் சிமிட்டுவது போல: வெளிச்சம் சூரியனுடையது, சிமிட்டல் மட்டுமே பிள்ளையுடையது. பேட்டரி இல்லாததால் டேக் விலை குறைவு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பார்கோடைப் போல ஒவ்வொன்றாக நேருக்கு நேர் காட்டவும் வேண்டாம். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் நூறு துண்டுகளைச் சில நொடிகளில் எண்ணிவிடலாம்.

சென்னை டெகாத்லான் கடைகளில் பில் போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். எடுத்த பொருள்களை மொத்தமாக ஒரு தொட்டியில் போட்டால் திரையில் பட்டியல் வந்துவிடுகிறது. அங்கே அது அவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம், அவர்கள் விற்பதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு என்பதுதான். தயாரிக்கும் இடத்திலேயே டேக் ஏறிவிடுகிறது. வால்மார்ட் 2003இல் தன் 100 பெரிய சப்ளையர்களிடம் 2005 ஜனவரிக்குள் டேக் ஒட்டி அனுப்பச் சொன்னபோது கதை வேறு. ஒட்டும் செலவு சப்ளையருக்கு, லாபம் கடைக்கு என்று ஆனதால் அந்தத் திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. வாடகைத் தொழிலில் உங்கள் நிலை டெகாத்லானுடையதற்கு நெருக்கமானது. பொருளும் உங்களுடையது, டேக்கும் உங்களுடையது, ஒரே டேக் நூறு முறை போய் வரும். செலவைப் பொருளின் விலையோடு ஒப்பிடாதீர்கள். அது எத்தனை முறை வாசலைத் தாண்டுகிறது என்பதோடு ஒப்பிடுங்கள்.

எதில் ஒட்டுவது, எதில் ஒட்டக்கூடாது

தொலைவிலிருந்து படிக்கும் வகை டேக்குகள் நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். இதற்கு இரண்டு பகை: தண்ணீர் அலையை விழுங்கிவிடும், உலோகம் திருப்பியடித்துவிடும். ஆற்றங்கரைத் தொழிலில் இவை இரண்டுமே ஏராளம். ஆகவே விற்பனையாளர் தன் மேசையில் காட்டும் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் பொருளை, உங்கள் குடோனில், அது கிடக்கிறபடியே வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே மிகச் சீக்கிரம் பலன் தருவது துணி. விடுதிக்காரருக்கும் சலவைக்காரருக்கும் நடக்கும் வாக்குவாதம் எல்லாருக்கும் தெரிந்ததே.

"நூறு துண்டு போட்டேண்ணே, தொண்ணூத்தாறுதான் வந்திருக்கு."

"மூட்டையைக் கட்டினது உங்க பையன், தம்பி. நான் எண்ணிப் பார்க்கல."

இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். சலவைக்கென்றே தயாராகும் டேக்குகள் விரல்நீள ரப்பர் பட்டை போல இருக்கும். துண்டின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடலாம். நல்லவற்றை 200 சலவை வரை தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். மூட்டை வெளியே போகும்போது ஒரு படிப்பு, திரும்பும்போது ஒரு படிப்பு, இரண்டு பட்டியலும் இருவர் போனிலும். ஒரு நிபந்தனை உண்டு. கடலில் குளித்துவிட்டு வந்தவர்கள் போட்ட ஈரத் துண்டுகளை அப்படியே மூட்டைகட்டிப் படித்தால் எண்ணிக்கை குறைவாகவே காட்டும். கொடியில் காயப்போட்டு உலர்ந்தபின் படியுங்கள். இதே பட்டியலில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஒரு துண்டு எத்தனை முறை வெளுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். எந்தக் கம்பெனித் துண்டு சீக்கிரம் நைந்துபோகிறது என்பதை அடுத்த ஆர்டருக்கு முன் அறிந்துகொள்ளலாம்.

அடுத்து உயிர்காப்பு அங்கி. உள்ளே இருப்பது நுரைப்பஞ்சு, அலைக்கு அது தடையே இல்லை. ஆனால் அங்கி நனையும், மனித உடம்பில் ஏறும். உடம்பின் பெரும்பகுதி தண்ணீர். மார்போடு ஒட்டிய டேக் படகுத்துறையில் நிற்கும் ரீடருக்குத் தெரியாமல் போகலாம். எனவே அங்கிகளை ஆள் போட்டிருக்கும்போது எண்ணாதீர்கள். தாங்கியில் தொங்கும்போது, காலையிலும் கடைசிப் படகு வந்தபின்னும் எண்ணுங்கள். படகில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற தலைக்கணக்கை ஒருபோதும் இந்தக் கருவியிடம் விடக்கூடாது. அது கண்ணால் பார்த்து, வாயால் எண்ண வேண்டிய கணக்கு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் 'படிக்கவில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

டேக் வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். எடை தாங்கும் பட்டையில் ஊசி ஏற்றித் தைத்தால் பட்டை பலமிழக்கும். நுரையின் மேலுறையைத் துளைத்தால் தண்ணீர் உள்ளே போகும். எடை தாங்காத சிறு வளையம் ஏதாவது இருந்தால் அதில் தொங்கவிடுங்கள், அல்லது உட்பையில் வையுங்கள். அங்கிக்கு டேக் போடுவதன் உண்மையான லாபம் எண்ணிக்கையை விடப் பெரியது. எந்த அங்கியை எப்போது சோதித்தோம், எந்தக் கொக்கி மாற்றினோம், எது கழிக்க வேண்டியது என்ற வரலாறு அந்தந்த அங்கியின் பெயரில் சேர்கிறது. கழித்த அங்கி தவறிப்போய் மறுபடி தாங்கிக்கு வந்தால் அன்று காலையே கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலி சுலபம்தான். இருக்கையின் அடியில் ஓரமாக ஒட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒட்டினால் அடுக்கும்போது டேக் மேல் டேக் நேராக உட்கார்ந்து ஒன்றையொன்று மறைக்கும். ஒன்றில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் என்று மாற்றி ஒட்டுவது நல்லது. வெறும் தாள் ஸ்டிக்கர் ஒரு சீசன்கூடத் தாங்காது. லாரியில் உரசும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது உரியும். ஆணி வைத்து இறுக்கும் கடின டேக்கே சரி.

பாத்திரத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். எவர்சில்வரில் சாதாரண டேக்கை ஒட்டினால் அது ஊமையாகிவிடும். உலோகத்துக்கென்றே தனி டேக் உண்டு, விலை பல மடங்கு. அதையும் ஒட்டினாலும், ஒரு வாளிக்குள் இன்னொரு வாளியைக் கவிழ்த்து அடுக்கிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அண்டாவும் தேக்சாவும் விறகடுப்பில் ஏறுபவை. அந்தச் சூட்டில் சாதாரண உறை உருகிவிடும். என் யோசனை இது: கரண்டி, தட்டு, டம்ளருக்கு டேக் போடவே வேண்டாம். ஐம்பது தட்டு கொள்ளும் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு ஒரு டேக் போடுங்கள். கிரேட் திரும்பியதும் எடை போட்டுப் பாருங்கள், குறைந்த தட்டு தெரிந்துவிடும். அண்டாவில் எப்போதும்போல் பெயர் வெட்டுங்கள்.

பெயர் வெட்டுவதை மட்டமாக நினைக்க வேண்டாம். நோணாங்குப்பத்துக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்து முத்திரை குத்திய மண்கலத் துண்டுகள் கிடைத்தன. தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தும் படிக்க முடிகிற அடையாளம் அது. டேக் போட்ட பொருளிலும் கண்ணால் படிக்கும் எண் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ரீடர் பழுதான நாளில் வேலை நிற்காது.

மீன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய்வரும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு டேக் போடலாம். ஆனால் ஐஸும் மீனும் நிறைந்திருக்கும்போது பெட்டியின் நடுவில் ஒட்டியது படிக்காது. மேல் விளிம்பில் வைத்து, காலிப்பெட்டி திரும்பும்போது எண்ணுவதே நிச்சயம்.

படகு என்ஜின், ஜெனரேட்டர், தீயணைப்பான் போன்றவற்றுக்கு வேறொரு வழி சொல்கிறேன். எண்ணிக்கை குறைவு, விலை அதிகம், காணாமல் போனால் அன்றே தெரிந்துவிடும். இவற்றுக்கு வேண்டியது பராமரிப்புக் கணக்குதான். 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்.எஃப்.சி. டேக்கில், உலோகத்தின் மேல் ஒட்டும் வகையை வாங்குங்கள். தனி ரீடர் தேவையில்லை, அந்த வசதியுள்ள சாதாரண போனைத் தொட்டாலே போதும். எப்போது ஆயில் மாற்றியது, அடுத்த சர்வீஸ் எப்போது என்பது திரையில் வந்துவிடும்.

டேக்கும் பொருளும் பிரியக்கூடாது

ரீடர் பார்ப்பது டேக்கை மட்டுமே. பொருளை அது ஒருபோதும் பார்ப்பதில்லை. துண்டிலிருந்து வெட்டியெடுத்த டேக் அலமாரியில் கிடந்தால், துண்டு அலமாரியில் இருப்பதாகவே கணக்கு சொல்லும். இந்த நூலில் நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம் இதுதான். இவ்வளவு பெரிய ஃபாஸ்டேக் அமைப்புக்கே இந்தச் சிக்கல் வந்தது. கண்ணாடியில் ஒட்டாமல் டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு காட்டும் வண்டிகளால் வரிசை தேங்கியது, தவறான வசூலும் நடந்தது. அப்படிப்பட்ட டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப் போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது.

ஆகவே ஒட்டுவது ஒருவர் வேலையாக இருக்கட்டும். ஒட்டிய கையோடு அந்தப் பொருளின் கண்ணால் படிக்கும் எண்ணையும் டேக் எண்ணையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். நாளைக்குப் பதியலாம் என்று ஒட்டி மட்டும் வைத்த நூறு நாற்காலிகள், டேக் இல்லாத நூறு நாற்காலிகளை விட மோசம்.

டேக்கில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நாம் எழுதக்கூடியது, வழக்கமாக 96 பிட். மற்றொன்று சிப் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிய எண், அதை மாற்ற முடியாது. விலை குறைந்த டேக் சுருள்களில் நாம் எழுதக்கூடிய எண் பல டேக்குகளில் ஒரே மாதிரியாக வந்துவிடுவது உண்டு. அப்படியே ஒட்டினால் பத்து நாற்காலி ஒரே நாற்காலியாகத் தெரியும். ஒட்டுமுன் புது எண் எழுதிப் பூட்டுங்கள். பூட்டும் கடவுச்சொல் வெறும் பூஜ்ஜியங்களாக வரும், அதை மாற்ற மறக்காதீர்கள். எண்ணுக்குள் பொருளின் நிறம், வாங்கிய ஆண்டு, கிளை என்று எதையும் திணிக்க வேண்டாம். வரிசை எண் போதும், மற்ற விவரம் கணினியில் இருக்கட்டும். உங்கள் குடோனுக்குள் மட்டும் பயன்படும் எண்ணுக்கு, பார்கோடு எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் பதிவும் தேவையில்லை. பெரிய கடைகளுக்குச் சரக்கு அனுப்புபவர்களுக்குத்தான் அது வேண்டும்.

வாசல்

முதல் ஆண்டில் கையில் பிடிக்கும் ரீடர் ஒன்று போதும். போனோடு புளூடூத்தில் இணையும் வகை இருக்கிறது. வாசலில் நிரந்தரமாக மாட்டும் ரீடர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எட்டு, பத்து மீட்டர் வரை அதன் பார்வை போகலாம். குடோன் வாசலுக்கு அருகே அடுக்கியிருக்கும் நாற்காலிகளையும் 'வெளியே போயின' என்று எழுதிவிடும். அதைச் சரிசெய்யச் சக்தியைக் குறைக்க வேண்டும், ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும், வண்டி வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் சென்சார் வைக்க வேண்டும், வாசலுக்கு உள்பக்கம் சில மீட்டர் காலியாக விட வேண்டும். உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று அறிய இரண்டு ஆன்டெனா வேண்டும். இவ்வளவுக்கும் இடமும் பொறுமையும் உள்ளவர்கள் இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம். உப்புக்காற்றில் இணைப்புகள் சீக்கிரம் பச்சை பூக்கும் என்பதையும் அப்போது கணக்கில் வையுங்கள்.

எந்த ரீடராக இருந்தாலும், குடோனுக்குப் பொருள் வந்துபோகும் வழி ஒன்றாக இருக்க வேண்டும். முன்வாசலில் படித்துவிட்டுப் பின்வாசலில் "அவசரம்ணே" என்று நாலு நாற்காலி போனால், வாங்கிய கருவிக்கு அர்த்தமில்லை.

வாசலில் படிப்பதால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதற்குத் துறைமுகக் கன்டெய்னர்களில் நடப்பதைப் பாருங்கள். 2016இல் மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிய கண்காணிப்பு முறை பின்னர் சென்னை உள்ளிட்ட தெற்குத் துறைமுகங்களுக்கும் வந்தது. கன்டெய்னரில் டேக் மாட்டுவது துறைமுக வாயிலில், வழியில் படிப்பது சுங்கச்சாவடி போன்ற குறிப்பிட்ட இடங்களில். கன்டெய்னர் ஒவ்வொரு நொடியும் எங்கே இருக்கிறது என்று அது சொல்வதில்லை. கடைசியாக எந்த வாயிலைத் தாண்டியது என்றுதான் சொல்கிறது. ஆர்.எஃப்.ஐ.டி. எப்போதும் அவ்வளவுதான் சொல்லும். திருடு போன என்ஜின் கடலூரில் இருக்கிறதா, காரைக்காலில் இருக்கிறதா என்று அறிய விரும்பினால் உங்களுக்கு வேண்டியது ஜி.பி.எஸ்.

வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்த பழைய ரீடர்கள் இணையத்தில் கிடைக்கும். அமெரிக்காவுக்கானவை 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும். இங்கே அந்த இடத்தில் செல்போன் அலைவரிசை இருக்கிறது, நீங்கள் பயன்படுத்துவது சட்டவிரோதம். இந்தியாவில் 2005இல் உரிமம் தேவையில்லாமல் விடப்பட்டது 865 முதல் 867 வரையிலான பகுதி. ரீடர் அந்தப் பகுதிக்கு அமைக்கப்பட்டதா, இந்திய அனுமதிச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தாள் டேக்குகள் பொதுவாக எல்லா நாட்டுக்கும் ஒத்துவரும். உலோகத்துக்கான டேக் அப்படியல்ல. அது குறுகிய அலைவரிசைக்கு இசைத்துச் செய்யப்படுவது. அமெரிக்க வகையை வாங்கினால் பாதித் தூரம்கூடப் படிக்காது. ஐரோப்பிய வகை என்று குறித்ததே நமக்குப் பொருந்தும்.

ஆடியில் தொடங்குங்கள்

முகூர்த்தம் இல்லாத ஆடியில் பொருள் முழுக்கக் குடோனில் இருக்கும். ஒரே ஒரு வகைப் பொருளோடு தொடங்குங்கள்: விடுதிக்குத் துண்டு, வாடகைக் கடைக்கு நாற்காலி. எண்ணி, உடைந்ததைக் கழித்து, மீதிக்கு மட்டும் டேக் போடுங்கள். மென்பொருளுக்கு அவசரப்பட வேண்டாம். எந்தப் பொருள், எந்தச் சலான், எப்போது போனது, எப்போது வரவேண்டும் என்ற நாலு விவரத்தை எக்செலிலேயே பார்த்துக்கொள்ளலாம். வரும் ஆவணிக்குள் ஆட்கள் பழகிவிடுவார்கள்.

பட்டியலின் நகல் ஒன்று குடோனுக்கு வெளியே, இணையச் சேமிப்பில் இருக்கட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு மழையில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்தால், அடித்துக்கொண்டு போனது எது என்று காப்பீட்டு ஆய்வாளர் கேட்பார். நோட்டுப் புத்தகமும் அதே தண்ணீரில் போயிருக்கும். பொருள்வாரியாக எண்ணும், வாங்கிய தேதியும், கடைசியாகக் குடோனில் படித்த நாளும் உள்ள பட்டியல் அப்போது உங்கள் பேச்சுக்கு வலு சேர்க்கும்.

தினசரி வேலை இவ்வளவுதான்: கடை கட்டுமுன் 'இன்று வரவேண்டியது, வராதது' என்ற பட்டியலை எடுத்து அந்தந்த வாடிக்கையாளருக்கு அன்றே போன் செய்வது. இதைச் செய்ய ஒருவரை நியமிக்க முடியாதென்றால் கருவி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். போன் செய்யும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். டேக் கிழிந்திருக்கலாம், மேலே ஈரச் சாமியானா கிடந்து மறைத்திருக்கலாம். "நாற்காலி எண் 212 மண்டபத்திலேயே இருக்கான்னு கொஞ்சம் பாருங்கண்ணே" என்று கேட்டால் போதும். பொருள் கிடைத்து டேக் மட்டும் பழுதென்றால், பழைய டேக் எண்ணைப் பட்டியலில் ரத்துசெய்துவிட்டு, அதே நாற்காலி எண்ணோடு புது டேக்கை அன்றே இணைத்துவிடுங்கள்.